எழுத்து ஓவியமாகாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றில் அண்மையில் நடந்த ஓவியப் போட்டியில், ‘மழை’ என்னும் சொல்லைக் கறுப்பு மையால் தாள் நிறையத் தூரிகையில் எழுதித் தந்த மாணவியின் படைப்பை, ‘இது எழுத்துதானே, ஓவியம் எங்கே?’ என்று கேட்டு நடுவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ழகரத்தின் கீழ்வளைவில் மை வற்றித் தூரிகை மயிர்கள் பிரிந்து, தாளின் வெண்மை கீற்றுக்கீற்றாகத் தெரிந்ததையும் குறையென்றே எண்ணினார்கள்.

ஜப்பானியரின் ‘ஷோடோ’ என்னும் மைத்தூரிகைக் கலையில் அந்த வறண்ட தடத்தை ‘கசுரே’ என்றும், மை தாளில் ஊறிப் பரவுவதை ‘நிஜிமி’ என்றும் பெயரிட்டுப் போற்றுகிறார்கள். கை எங்கே விரைந்தது, எங்கே தயங்கியது என்பதை, அந்த மொழி தெரியாதவரும் இவற்றைக் கொண்டு கண்டுகொள்ளலாம். புகைக்கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்துச் செய்த மைக்கட்டியை (நாரா நகரம் இதற்குப் பேர்போனது) கல்லில் நீர்விட்டு இழைத்து, வேண்டிய அடர்த்தியைக் கலைஞரே உண்டாக்கிக்கொள்கிறார். ஒருமுறை இழுத்த கோட்டின்மேல் மறுபடி தீட்டித் திருத்துவது அங்கே வழக்கமில்லை.

அந்நாட்டில் மூன்றாம் வகுப்பு முதல் மொழிப்பாடத்தின் பகுதியாகத் தூரிகை எழுத்தைக் கற்பிக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியிலோ அது இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு இணையான கலைப்பாடம். 1952-இல் கியோட்டோவில் ‘பொகுஜின்காய்’ என்னும் தூரிகை எழுத்துக் கலைஞர் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான இனோவே யூயிச்சி (1916–1985) பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர்; வறுமையைக் குறிக்கும் ஒற்றை எழுத்தையே பெரிய தாள்களில் திரும்பத் திரும்ப எழுதினார். அவற்றை நவீன ஓவியங்களாகவே உலகம் பார்க்கிறது.

அண்டா முதல் கரண்டி வரை பெயர் வெட்டிவைக்கும் செட்டிநாட்டில், எழுத்தை உடைமைக்கான அடையாளமாகவே பார்த்துப் பழகிவிட்டோம் போலும்!

எழுத்தைக் கருவாகக் கொண்ட படைப்புகளும் ஏற்கப்படும் என்று ஓவியப் போட்டி விதிகளில் ஒரு வரி சேர்க்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இதைக் கையெழுத்துப் போட்டியோடு சேர்த்துவிடக் கூடாது. அங்கே வரி கோணாமல் இருப்பதற்குத்தான் மதிப்பெண். வழவழப்பான சார்ட் தாளுக்குப் பதிலாக மை ஊறும் தாளைக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு இன்னும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.