இன்ஜின் மாற்றிக் கொடுக்கும் மேஸ்திரிமாருக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கங்களில் பழைய கார்களுக்கு இன்ஜின் மாற்றிக் கொடுக்கும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா காலத்து அம்பாசடர் ஒன்று இன்னும் ஓடுகிறது. வாங்கும்போது அதில் இருந்தது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இப்போது இருப்பது இசுசு 2.0 டீசல். மாற்றிய மேஸ்திரி நம்ம ஊர்க்காரர்தான். வேலை அவ்வளவு சுத்தம், இன்ஜின்மேல் இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. ஆர்சியிலும் அப்போதே ஏற்றியாகிவிட்டது. எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், எந்தப் பார்ட்டை எந்த வண்டியிலிருந்து எடுத்துப் போட்டார் என்று அவர் எங்குமே எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவர் மனதில் இருந்தது. அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்.

போன மழைக்காலத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கடையில் "எந்த வண்டி?" என்றார்கள். அம்பாசடர் என்றதும் பழைய பெட்ரோல் வண்டியின் பிளேட் வந்தது. நடு ஓட்டை கியர்பாக்ஸ் ஷாஃப்டில் அழகாக ஏறியது, ஆனால் வெளிவட்டம் இன்ஜினின் பின்னால் சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்துக்குச் சிறிது. சரி என்று இசுசு டீசலுக்கான பிளேட்டை வாங்கி வந்தால், ஃப்ளைவீலுக்குச் சரி, ஷாஃப்டில் ஏறவில்லை. கழற்றிப் போட்ட பழைய பிளேட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இன்ஜின் இசுசு, கியர்பாக்ஸ் பழைய நாலு கியர். அதற்காக இசுசு பிளேட்டின் நடுவை எடுத்துவிட்டு, பழைய பிளேட்டின் நடுப்பகுதியை வைத்து ரிவெட் அடித்திருக்கிறார். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் அது அங்கே இருப்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த வண்டி நாள்கணக்கில் ஷெட்டில் கிடந்தது.

உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டைப் பல் கியர்பாக்ஸைப் பார்க்கும், வட்டம் ஃப்ளைவீலைப் பார்க்கும், ஸ்டார்ட்டர் ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியரின் பல்லைப் பார்க்கும் என்பதெல்லாம் உங்களுக்குக் கை வந்த விஷயம். வண்டிக்காரனுக்கும், அடுத்து அந்த வண்டியைத் திறக்கும் மெக்கானிக்குக்கும்தான் அது தெரியாது. "இசுசு போட்ட அம்பாசடர்" என்று சொன்னால் அது ஒரே வண்டி இல்லை. சிலர் இன்ஜினோடு ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்து இறக்கி, பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி வெல்டு வைத்து பேலன்ஸ் பண்ணியிருப்பார்கள். சிலர் பழைய பாக்ஸை அப்படியே விட்டு நடுவில் ஒரு அடாப்டர் தகடு வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் பிளேட் வேறு, ஷாஃப்ட் நீளம் வேறு, ஜாயின்ட் கிராஸ்கூட வேறாக இருக்கலாம்.

போல்ட்டும் அப்படித்தான். காரின் பழைய பாகங்கள் இஞ்ச் கணக்கு, இசுசு மில்லிமீட்டர் கணக்கு. அரை இஞ்ச் தலையில் 13 ஸ்பானர் ஏறிவிடும், அதனால்தான் தலை தேய்கிறது. கொளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் துருவேறிய போல்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று பிரேக். பெட்ரோல் இன்ஜின் காற்றை இழுக்கும் மேனிஃபோல்டிலிருந்து, பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்கும். டீசலில் அது கிடைக்காது, வேக்குவம் பம்ப் தனியாக வேண்டும். பல டீசல்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கிறது. நாளை அந்த ஆல்டர்னேட்டர் போனால், பம்ப் இல்லாத சாதா ஆல்டர்னேட்டரை ஒருவர் நல்லெண்ணத்தோடு மாட்டிவிடுவார். சார்ஜ் ஏறும், விளக்கு எரியும், பிரேக் மட்டும் கல்லாகிவிடும். பேச்சிப்பாறையிலிருந்து இறங்கும்போது அது தெரியவந்தால் என்ன ஆகும்?

இன்னொன்று டெம்பரேச்சர் மீட்டர். டேஷ்போர்டில் பழைய மீட்டர், இன்ஜினில் வேறு வண்டியின் சென்சார் என்றால் முள் பொய் சொல்லும். இன்ஜின் கொதிக்கும்போதும் நடுவில் நிற்கும். ஹெட் வளைந்த பிறகு யாரைக் குறை சொல்வது?

ஆகவே நான் கேட்பது ஒரு தாள்தான். வண்டியை ஒப்படைக்கும்போது இன்ஜின் எந்த மாடல், கியர்பாக்ஸ் எது, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பைலட் பேரிங், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், மவுண்டிங் ரப்பர், வேக்குவம் பம்ப், சென்சார் எந்தெந்த வண்டியுடையது என்று எழுதிக் கொடுங்கள். லேத்தில் கடைந்ததோ ரிவெட் மாற்றியதோ இருந்தால் அளவோடு எழுதுங்கள். பழைய ஆயில் சீலில் நம்பர் இருந்தால் அதையும். வெட்டியெறியும் பழைய பார்ட்டைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்தால் இன்னும் நல்லது. தொழில் ரகசியம் போய்விடும் என்று யாராவது நினைத்தால், அந்தத் தாளைப் பார்த்து இன்னொருவர் உங்கள் வேலையைச் செய்துவிட முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

இன்ஜின் எங்கே வாங்கியது என்ற பில்லையும் சேர்த்துக் கொடுங்கள், சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட் கடைகளிலிருந்து வந்ததானாலும் சரி. இன்ஜின் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகாத வண்டி எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்கும் நிற்காது, இன்சூரன்ஸுக்கும் நிற்காது. வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதில் கறார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ ஆபீசில் கேட்டு வரும்படி வண்டிக்காரரை அனுப்புங்கள்.

அப்புறம், 50 வருடம் தாண்டிய வண்டி வந்தால் அவசரப்பட்டு இன்ஜினை இறக்காதீர்கள். 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதிப்படி பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவத்தில் இருக்கும் வண்டிக்குத்தான் அந்த நம்பர். பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுவிட்டால் பிறகு எங்கே போய்த் தேடுவது? மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-லேயே அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது.

எங்கள் வண்டியின் பட்டியலை நானும் இப்போதைய மெக்கானிக்கும் சேர்ந்து எழுதி, பானட்டின் உள்பக்கம் லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறோம். பைலட் பேரிங் நம்பரும் ஸ்டார்ட்டர் விவரமும் மட்டும் இன்னும் நிரப்பவில்லை. இதே மாதிரி வண்டி உங்கள் கையில் வந்திருந்தால், அந்த இரண்டையும் சொல்லி உதவுங்கள்.

அன்புடன்,
தக்கலைப் பக்கத்து அம்பாசடர்க்காரன்