குழி பழசு, கன்று மட்டும் புதுசு

மதிப்பிற்குரிய நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலர் ஐயா அவர்களுக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் போன சனிக்கிழமை என்.எஸ்.எஸ். மாணவிகளோடு மரம் நடப் போனாள். கடப்பாரையை இரண்டு முறை போட்டதுமே கறுப்பு பிளாஸ்டிக் பை ஒன்று கிழிந்து வந்திருக்கிறது. போன வருடம் நட்ட கன்றின் பை. அதைக் கிழிக்காமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். காய்ந்த வேர் உள்ளேயே சுருண்டு கிடந்ததாம். "குழி பழசு மாமா, கன்னு மட்டும் புதுசு" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

என்ன சேவை செய்யலாம் என்று முதலில் என்னிடம்தான் கேட்டாள். நான் சொல்லவில்லை. "ஜனங்க காத்துக் கிடக்கிற இடத்துல போய் நின்னு பாரு" என்றேன். காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் காலையில் வங்கி வாசலில் நின்றாள். முதியோர் பென்ஷன் எடுக்க வந்த ஒரு பாட்டி, மஞ்சப்பையில் பாஸ்புக்கும் வெற்றுச் சலானுமாகப் பேனா வைத்திருப்பவர்களைத் தேடிக்கொண்டிருந்தாராம். "கண்ணு, இதைக் கொஞ்சம் எழுதிக் குடு சாமி." மூன்று பேர் அவசரம் என்று நகர, நாலாவது ஆள் எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். முறை வைத்து இரண்டு மாணவிகள், ஒரு மேசை, பேனா. பணத்தைத் தொடக் கூடாது, எழுதிய தொகையை வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும், கைநாட்டு ஊழியர் முன்னால்தான் என்பது நான் சேர்த்தது. பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும் என்று வங்கி மேலாளரே சொல்லிவிட்டார்.

ஐயா, அந்தக் கடிதத்தைக் கேட்டபோது நீங்கள் சொன்ன பதில்: "இதுல போட்டோவுக்கு என்னம்மா இருக்கு?"

காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய திட்டம் இது. வருடத்துக்கு 120 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரின் தேவையை மாணவர்களே கண்டறிய வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றுதானே? அவள் கண்டறிந்துதானே வந்தாள்? அந்த மூன்று நாளும் அவளுடைய நாட்குறிப்பில் கணக்கில் இல்லை. செத்த கன்றின் மேல் இன்னொரு கன்றை வைத்தது மட்டும் சேவையாக ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணிக்கே ஃபிளெக்ஸ் பேனர் பிடித்துப் போன பள்ளி. இதில் ஆச்சரியப்பட நான் யார்? பதினாறு வயதுப் பிள்ளை தானாக ஒன்றைப் பார்த்து, யோசித்து, எழுதிக்கொண்டு வருவது எத்தனை அபூர்வம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியாதா என்ன?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். மரம் நடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நட்டால் தண்ணீர் ஊற்ற ஆள் போடுங்கள். அரையாண்டு விடுமுறை முகாமுக்கு முன்னால் பிள்ளைகளை அரை நாள் தெருவில் விட்டு, ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வங்கிக்கு அந்த ஒரு கடிதத்தைத் தயவுசெய்து கொடுங்கள்.

நாலே வரிதான். அவளே எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை கொண்டுவருவாள், உங்கள் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போதும்.

இப்படிக்கு,
மாணவி ஒருத்தியின் தாய்மாமன்