உங்கள் தாமதத்துக்கு என்னிடம் காத்திருப்புக் கட்டணமா?

அனுப்புநர்:
திருச்சியிலிருந்து வீடு மாற்றிய வாடிக்கையாளர்,
பெட்போர்டு, குன்னூர்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர்,
வீட்டுச் சாமான் இடமாற்ற நிறுவனம்,
திருச்சிராப்பள்ளி.

நாள்: 19.05.2025

பொருள்: மே 10 அன்று ஏற்றிய சாமான்களில் ஏற்பட்ட சேதம், மற்றும் என்மீது போடப்பட்ட காத்திருப்புக் கட்டணம் தொடர்பாக.

ஐயா,

உங்கள் பில் நேற்று முன்தினம் வந்து சேர்ந்தது. பேசிய தொகை 38,000 ரூபாயை முன்பே முழுதாகக் கட்டிவிட்டேன். அதற்குக் கீழே இரண்டு புதிய வரிகள் இருக்கின்றன. "ஏற்றும் இடத்தில் வாடிக்கையாளரால் தாமதம், 50 நிமிடம், ரூ.900." "கல்லாறில் வண்டி நிறுத்தம், 16 மணி நேரம், ரூ.4,800." இந்த இரண்டு வரிகளும் இல்லாமல் இருந்திருந்தால், உடைந்ததையும் கெட்டதையும் மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

முதல் வரியிலிருந்தே வருகிறேன். ஏப்ரலில் சாமான்களைப் பார்வையிட வந்த உங்கள் அலுவலரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி தொடங்குகிறது. ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறப்பதால் வேறு மாதம் பார்க்கவும் வழியில்லை. ஆகவே வெயில் ஏறுவதற்குள் கனமான சாமான்களை இறக்கி முடித்துவிட வேண்டும். அவரும் மதிப்பீட்டுத் தாளின் ஓரத்தில் "காலை 5.30, பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் 9 மணிக்குள்" என்று தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார். நகலை இணைத்திருக்கிறேன்.

வண்டி வந்தது 10.50-க்கு. முந்தைய வேலை இழுத்துவிட்டது என்றார் மேற்பார்வையாளர். உறையூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைத் தொட முடியாத நேரத்தில், நான்கு பேர் கோத்ரெஜ் பீரோவைக் கயிறு கட்டி இறக்கினார்கள். பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வேண்டாம் என்று ஒவ்வொரு கோடையிலும் அறிவிப்பு வருகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் அலுவலகத்தில் செய்தித்தாள் வாங்குவதில்லையோ என்னவோ.

ஒரு மணிக்குப் பக்கத்தில், அந்த நால்வரில் வயதில் சிறியவர் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. வாந்தி எடுத்தார். அவரை உள்ளே தரையில் படுக்கவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துண்டு போட்டு விசிறினோம். தெளிந்த பிறகு, என் அம்மா உப்புப் போட்ட நீர்மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். மற்ற மூவரையும் நான்தான் நிழலில் உட்காரச் சொன்னேன். உங்கள் பில்லில் "வாடிக்கையாளரால் தாமதம், 50 நிமிடம்" என்று இருக்கிறதே, அது இதுதான். அந்தத் தம்பிக்கு அன்று அரைநாள் கூலி பிடித்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவசரத்தில் நடந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது, அது எங்களோடு காரில் வரும், ஐஸ் பெட்டி தயாராக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன். நான் படுத்திருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே இருந்ததோடு ஃப்ரிட்ஜைச் சுற்றி டேப் ஒட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய மருந்து, மூடிய இரும்புப் பெட்டிக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் மறுநாள் பகலும் கிடந்தது. பார்ப்பதற்குத் தெளிவாகத்தான் இருந்தது. கெட்டுப்போன இன்சுலினைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்று குன்னூர் மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் எறியச் சொன்னார். புதிதாக வாங்கியதற்கு ரூ.2,140, ரசீது இணைப்பில்.

ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்ததைக் குறையாக எழுதவில்லை. வந்ததும் மின்இணைப்புக் கொடுக்கச் சொன்ன உங்கள் ஆளின் பேச்சைக் கேட்காமல், இரவு முழுவதும் நிமிர்த்தி வைத்துவிட்டுக் காலையில்தான் போட்டேன். ஓடுகிறது.

ஊஞ்சல் பலகையைப் பற்றித்தான் எழுதவேண்டும். என் அப்பா காலத்துத் தேக்கு; சென்ற தையில்தான் வார்னிஷ் பூசியது. அதில் சுற்றுவதற்கென்றே நான்கு பழைய பருத்தி வேட்டிகளை எடுத்து வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் பபுள் ராப்பை நேரடியாக மரத்தின் மேலேயே சுற்றிவிட்டார்கள். வெயிலில் வார்னிஷ் இளகி, பிளாஸ்டிக் அதில் பதிந்து ஒட்டியிருக்கிறது. பிரித்தபோது 'பர்ர்' என்று உரிந்து வந்தது. இப்போது பலகை முழுவதும் வட்ட வட்டமாகத் தடம். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால், கோலத்துக்கு ஊடுபுள்ளி வைத்தது போல வரிசை தப்பாமல் தெரிகிறது. விரலை வைத்து ஓட்டினால் ஒவ்வொரு வட்டமும் தட்டுப்படுகிறது. வேட்டிகள் நான்கும் மடிப்புக் கலையாமல் ஒரு காலிப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. இழைத்து மறுபடி வார்னிஷ் பூச ரூ.3,500 ஆகும் என்கிறார் இங்குள்ள ஆசாரி.

இனி இரண்டாவது வரி. நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையவழி அனுமதிச் சீட்டு, வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவு 2024 மே 7 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தக் கோடையில் வார நாளில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி, ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. என் காருக்கு வியாழக்கிழமையே எடுத்துவிட்டேன். காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. லாரிக்கு எடுத்தாயிற்றா என்று கேட்டபோது, "சரக்கு வண்டிக்குத் தேவையில்லை" என்றார் உங்கள் மேற்பார்வையாளர். அரிசி, பருப்பு போன்ற அத்தியாவசியப் பொருள் ஏற்றிவரும் வண்டிக்குத்தான் அந்த விலக்கு. என் கட்டிலும் பீரோவும் யாருக்கு அத்தியாவசியம்?

சனி இரவு 11 மணிக்குக் கல்லாறு சோதனைச்சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உங்கள் அலுவலகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஓட்டுநருக்கு உத்தரவாம்! அடிவார வெயிலில் பிற்பகல் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, 2 மணிக்கு அவரே என்னை அழைத்தார். லாரி எண்ணை வாங்கி நானே விண்ணப்பித்தேன். அன்றைய வரம்பில் இடம் மிச்சமிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். 3 மணிக்கு வண்டி மலையேறியது. ஆக, நான் பாஸ் எடுத்துக் கொடுத்ததற்கு எனக்கே 4,800 ரூபாய் பில்.

சொன்னபடி காலையில் ஏற்றி, பாஸோடு அனுப்பியிருந்தால், சனி இரவே சாமான்கள் குன்னூர்க் குளிரில் இறங்கியிருக்கும்.

குன்னூரில் சாமான் இறக்கியவர்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. எங்கள் வீடு சாலைக்குக் கீழே, நாற்பத்திரண்டு படி இறங்கவேண்டும். ஞாயிறு மாலைத் தூறலில் ஒரு தட்டுக்கூட உடையாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நான் கேட்பது: கூடுதல் கட்டணம் ரூ.5,700-ஐ எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள். இன்சுலினுக்கும் பலகைக்கும் சேர்த்து ரூ.5,640 தாருங்கள். மயங்கி உட்கார்ந்த தொழிலாளிக்குப் பிடித்த அரைநாள் கூலியைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்த விவரத்தை எனக்கும் தெரிவியுங்கள். இது உங்கள் உள்விவகாரம் என்று பதில் வரலாம். அந்த ஐம்பது நிமிடத்தை என் பில்லில் ஏற்றிய பிறகு அது என் விவகாரமும்தான்.

15 நாளில் பதில் இல்லையென்றால் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; திருச்சிக்கு வரவேண்டியதில்லை. உங்கள் ஆட்கள்தான் மலையேற வேண்டியிருக்கும். அப்போதாவது இ-பாஸ் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: மதிப்பீட்டுத் தாள் நகல், பில் நகல், மருந்துக்கடை ரசீது, பலகையின் புகைப்படங்கள் மூன்று, இ-பாஸ் நகல்.

பி.கு.: இறக்க வந்தவர்கள் ஒரு ஸ்டீல் தூக்குவாளியையும் இரண்டு துண்டுகளையும் எங்கள் திண்ணையில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துண்டுகளைத் துவைத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை இந்தப் பக்கம் வண்டி வந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.