முற்றத்துக்கு ஏற்ற மரமா இது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், நுவரெலியா வீதியோரங்களில் வெள்ளை மணிகளாகத் தொங்கும் மர ஊமத்தையைப் பற்றி, "இது ஊமத்தை அல்ல, பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும் அச்சமின்றி நடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தை 1805 இல் ஊமத்தையிலிருந்து பிரித்துப் புருக்மான்சியா என்ற தனிப் பேரினமாக வகுத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் பேரினம் மாறியதால் நஞ்சு மாறிவிடவில்லை. ஊமத்தையில் உள்ள அத்ரோபீன், ஸ்கோபொலமீன் என்ற அதே நஞ்சுகள் இதன் இலை, பூ, விதை எல்லாவற்றிலும் உண்டு. நிமிர்ந்த பூவும் முள்ளுக்காயும் கொண்ட ஊமத்தையை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். பூ தொங்கி, காய் முள்ளின்றி இருக்கும் இதைத் தெரியாது. ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

என் பேத்திக்கு நான்கு வயதாக இருந்தபோது, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்து வேலியோரம் உதிர்ந்து கிடந்த பூவை எடுத்து, தேன் இருக்குமென்று அதன் அடியை உறிஞ்சிவிட்டாள். நான் ஓடிச் சென்றபோது முகம் சிவந்து, நா வறண்டு, கண்ணின் கருமணி அகல விரிந்து, அங்கே இல்லாத பூனையைக் கைநீட்டி அழைத்துக்கொண்டிருந்தாள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன தின்றாள் என்று கேட்டவர்களுக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை என் மகன் அந்தப் பூவைக் கொண்டுவந்து காட்டும் வரை, அவர்கள் அதை வெறும் காய்ச்சல் என்றே எண்ணியிருந்தார்கள். பிள்ளை பிழைத்தாள். மரத்தை வெட்டும்படி தோட்ட நிர்வாகத்திடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பயனில்லாமல், கடைசியில் நாங்களே வெட்டினோம்.

இவற்றையெல்லாம் அப்போதே தங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை. மஞ்சள் அலரி விதையைப் பற்றித் தங்கள் பத்திரிகை பலமுறை எச்சரித்திருக்கிறது, அதற்கு நன்றி. மலையகம் என்று வரும்போது மட்டும் பனியும் பூவும் தவிர வேறெதுவும் தங்கள் கண்ணில் படாதது, முப்பது ஆண்டுகளாகத் தங்கள் பத்திரிகையை வாசித்துவரும் எனக்கு மனவருத்தம் தருகிறது.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில், இப்பூவின் படத்தைப் போட்டு, அதன் கீழே 'நஞ்சு' என்று தெளிவாக அச்சிடுங்கள். பிள்ளைமடுவத்துச் சுவரில் ஒட்டிவைக்க எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தலவாக்கலை.