அந்தக் கம்பளிக் காலுறைக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மான் கிடைத்துவிட்டது. ஒரே அம்பு. அறுபது கெஜம்கூட ஓடவில்லை, என் கண்ணெதிரிலேயே விழுந்தது. மலையிலிருந்து இறங்கி இரண்டு நாள் ஆகிறது, இன்னும் கை நடுக்கம் முழுசாக நிற்கவில்லை. நின்ற பிறகு எழுதலாம் என்றால் இந்த மடல் வேறு மாதிரி ஆகிவிடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் நடந்ததை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. அம்போடு ஓடி மறைந்த மானை அந்த நாலு நாளும் கூடவே அலைந்து தேடியவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் வில்லைத் தொடாமல் கிடந்ததும் தெரியும். இந்த ஆண்டு குலுக்கலில் மியூல் மானுக்கு (கழுதை போலப் பெரிய காது உள்ள மான்) டேக், அதாவது ஒரு மானுக்கான வேட்டை உரிமச் சீட்டு, விழுந்தபோது அதைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் இருந்தேன்.

முதலில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

அமெரிக்காவில், கொலராடோவின் சான் வான் மலைகளில், மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்குச் சற்று மேலே, காலை எட்டரை மணிக்கு அந்தக் கிடா எதிர்ச்சரிவில் படுத்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு பாறை, முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கப் பார்வை. மியூல் மான் இடம் பார்த்துத்தான் படுக்கும். பின்னாலிருந்து வருவதைக் காற்று சொல்லிவிடும், கீழிருந்து வருவதைக் கண் பார்த்துக்கொள்ளும். நான் பைனாகுலரை இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். எழுபதை நெருங்கும் ஒருவர், தோளில் வில்லோடு நின்றிருந்தார்.

அவர் மூன்று நாளாக அதே மானின் பின்னால் இருந்திருக்கிறார். அதை அவரே சொன்னார். எனக்கு நெஞ்சு இறங்கிவிட்டது. நான் எழுந்து பையைத் தூக்கப் போனேன். “அது படுத்ததை முதலில் பார்த்தவர் நீங்கள். போங்கள்,” என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் கடைசித் தூரம் போகப்போகிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் “உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். சாதாரண மெல்லிய காலுறை. தன் பையைத் திறந்து சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி எடுத்தார். குதிகாலில் வேறு நிற நூலால் தைத்திருந்தது. என் கையில் வைத்துவிட்டு, நான் போகும் சரிவுக்குத் தன் வாடை வந்துவிடக் கூடாது என்று அடுத்த பள்ளத்தாக்குக்கே இறங்கிப் போய்விட்டார். மொத்தம் ஐந்து நிமிஷம் பேசியிருப்போம்.

காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறிப் பாறை சூடானால் அதே காற்று மேலே கிளம்பும். அது திரும்பும்வரை முகட்டுக்குப் பின்னால் காத்திருந்து, பத்தரைக்கு மேலிருந்து இறங்கத் தொடங்கினேன். பூட்ஸைக் கழற்றி வைத்த இடத்திலிருந்து மான் எழுபது கெஜம். அதில் நாற்பது கெஜம் நெருங்கவே ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனது. முழுக்கச் சரளைக் கல். கம்பளிக்குள் இருக்கும் பாதம், பாரத்தைப் போடுவதற்கு முன்பே கல் ஆடுமா ஆடாதா என்று சொல்லிவிடுகிறது. சத்தம் எழுவதற்கு முன் காலை எடுத்துவிட முடிகிறது. பாதி வழியில் ஒரு பைகா, பாறை இடுக்கில் வாழும் முயல் இனச் சிறு பிராணி, கீச்சென்று கத்த, மானின் காது என் பக்கம் திரும்பியது. ஒரு கால் தூக்கிய நிலையிலேயே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மெல்லிய காலுறையோடு அங்கே நின்றிருக்க முடியாது. இது எனக்கு நிச்சயம்.

அதன் பிறகு காத்திருப்பு. பாறைக்கு மேலே கொம்பின் நுனிகள் மட்டும் தெரிந்தன. படுத்திருக்கும் மானை எய்யலாம் என்பவர்கள் உண்டு. நான் எய்ய மாட்டேன், போன வருஷத்துக்குப் பிறகு ஒருபோதும் மாட்டேன். வெயில் நகர்ந்து நிழல் விலகினால் அது எழுந்து இடம் மாறும். ஒன்றே கால் மணிக்கு எழுந்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பியபோது நாணை இழுத்தேன். தூரமானி முன்பே 31 கெஜம் காட்டியிருந்தது, சரிவைக் கழித்தால் 27. முன்காலுக்குப் பின்னே, நான் பார்த்த இடத்திலேயே போனது. விழுந்ததைப் பார்த்த பிறகும் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கொல்லிமலை அடிவாரத்தில் வளர்ந்தவன் நான். செம்மேட்டில் குதிரை மேல் இருக்கும் வல்வில் ஓரி சிலையைப் பார்த்துக்கொண்டு, ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த கதையைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது ஐந்து என்ற எண்தான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அந்தக் கதையில் ஒரு மிருகம்கூட அம்போடு ஓடி மறையவில்லை என்பது மட்டும்தான் தெரிகிறது.

மற்றவர்களுக்கு: குளிர்காலம் முழுக்க என் தோள் சரியாகும்வரை நாணின் இழுவிசையைக் குறைத்தும் ஏற்றியும் கொடுத்த வில் கடைத் தம்பிக்கு, பரணிலிருந்து வில்லை இறக்கி ஒன்றும் பேசாமல் சாப்பாட்டு மேசையில் வைத்த என் மனைவிக்கு, முகாமிலிருந்து தலைவிளக்கோடு ஏறி வந்து நள்ளிரவுவரை இறைச்சி சுமந்த இரண்டு நண்பர்களுக்கு, போன வருஷம் வாரம் தவறாமல் போன் செய்த அண்ணன்மார்களுக்கு நன்றி. ஊரிலிருந்து பேசிய பெரியம்மாவுக்கும். நம் ஊரில் 1972 சட்டப்படி மானை வேட்டையாடினால் சிறை, இங்கே அரசே எண்ணிக்கை பார்த்து உரிமம் தருகிறது என்பதெல்லாம் அவருக்கு ஒப்பவே ஒப்பாது. இருந்தாலும் அவர் கேட்டது ஒன்றுதான்: “துடிக்காமப் போச்சாடா?”

போச்சு பெரியம்மா.

இனி நாற்பது கெஜத்துக்கு மேல் அம்பு விட மாட்டேன். என் பையில் எப்போதும் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கூடுதலாக இருக்கும், எனக்காக அல்ல.

அந்தப் பெரியவருக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் என் எண்ணோடு குத்திவிட்டு வந்திருக்கிறேன். அவருடைய காலுறையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறது. இடது காலில் புதிதாக ஒரு ஓட்டை, அதை நானே தைக்கிறேன். இங்கே மான்களுக்கு வரும் நலிவு நோய்க்காகத் தலையைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை யாரும் கறி கேட்டு வர வேண்டாம். வந்த பிறகு எல்லோரும் வாருங்கள். முதுகெலும்பை ஒட்டிய நீளத் துண்டு ஒன்றை மட்டும் தனியாகச் சுற்றி ஃப்ரீசரின் அடியில் வைத்திருக்கிறேன். அது அவருடையது.