கைரோ வாங்கப் போகிறவனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. பதில் போடாததற்குத் திட்டுவதாக இருந்தால் சீக்கிரம் திட்டி முடித்துவிடு, சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். மீனாட்சிக்கு மாற்றல் வந்துவிட்டது. கிட்டு இன்னும் அதே ஸ்கூட்டர்தான்; பின்னால் உட்கார இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

கைரோகாப்டர் வாங்கப் போவதாகச் சொல்லி, "இன்ஜின் நின்றாலும் கைரோ விழாது" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். உண்மைதான், மறுக்கவில்லை. 1923 ஜனவரியில் ஸ்பெயினில், கைரோவைக் கண்டுபிடித்த ஹுவான் டி லா சியர்வாவின் சி.4 வண்டி பறக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே, தரையை விட்டுக் கிளம்பியதும் இன்ஜின் நின்றது. மூக்கு நன்றாக மேலே தூக்கியிருந்தும் வண்டி மெல்ல இறங்கிப் பத்திரமாகத் தரையைத் தொட்டது. இன்ஜின் சுற்றுவது புரொப்பெல்லரை மட்டும்தான். தலைக்கு மேலே இறக்கையாகச் சுழலும் ரோட்டாரைச் சுற்றுவது இன்ஜின் அல்ல, கீழிருந்து ஊடுருவிப் போகும் காற்று. அதனால் இன்ஜின் நின்றாலும் ரோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆனால் ஆளைக் கொல்வது ரோட்டார் நிற்பது இல்லையடா, வேகம் போவது. சுழலும் ரோட்டார் ஒரு பெரிய தட்டு மாதிரி, அது காற்றில் எவ்வளவு பெரிய தடை என்று யோசித்துப் பார். ஏறும்போது மணிக்கு 95 கிலோமீட்டரில் மூக்கைத் தூக்கிப் போகிறாய், சக்தி போகிறது, "என்ன ஆச்சு?" என்று நீ யோசிக்கும் ஓரிரு வினாடியில் வேகம் கரைந்துவிடும். வேகம் இல்லாமல் இருபது முப்பது மீட்டரில் நின்றால் கடைசியில் ஸ்டிக்கை இழுத்து இறக்கத்தைத் தணிக்க உன்னிடம் எதுவும் மிச்சமில்லை. பயத்தில் இழுத்தால் இன்னும் வேகமாகக் கீழே போவாய். உயரத்தில் என்றால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைத் திரும்பப் பிடிக்கலாம். தாழ்வில் அதற்கு இடமில்லை. அதனால்தான் சக்கரம் தரையை விட்டதும் இரண்டு மூன்று மீட்டரிலேயே மட்டமாக ஓடி, 90க்கு மேல் வேகம் வந்த பிறகு ஏறச் சொல்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக செங்குத்தாக ஏறிக் காட்டுகிறவனிடம் நீ சவாரிக்குப் போகாதே.

கணக்கும் பார்த்துக்கொள். செஸ்னா 172 ஒரு மீட்டர் இறங்க ஒன்பது மீட்டர் சறுக்கும். கைரோ மூன்றோ நான்கோதான். 150 மீட்டரில் இன்ஜின் நின்றால் காற்றில்லாத நாளில் எட்டுவது 450 முதல் 600 மீட்டர், கையில் இருப்பது சுமார் 25 வினாடி. வயலைத் தேட ஆரம்பிக்கிற நேரமல்ல அது. முன்பே கண்ணில் வைத்திருக்க வேண்டும். பயிற்சியில் ஐடிலில் இறங்கிப் பழகியவனுக்கு இன்னொரு ஏமாற்றம்: ஐடிலிலும் புரொப்பெல்லர் கொஞ்சம் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். கியர்பாக்ஸ் உள்ள ரோட்டாக்ஸ் இன்ஜின் நின்றால் புரொப்பெல்லரும் பெரும்பாலும் நின்றேவிடும், இறக்கம் இன்னும் செங்குத்தாகும். 300 மீட்டருக்குக் கீழே மறுபடி ஸ்டார்ட் செய்ய முயன்று நேரத்தைத் தொலைக்காதே. கீழே தொட்டதும் ஸ்டிக் பின்னால், பெடல் நேராக. முன்சக்கரம் பெடலோடு இணைந்திருக்கும் வண்டியில் கோணலாகத் தொட்டால் அங்கேயே புரண்டுவிடும்.

நீ பார்த்து வைத்திருக்கும் பழைய ஒற்றை இருக்கை வண்டிக்கு இன்னொரு கேள்வி. தள்ளுவிசைக் கோடு, அதாவது புரொப்பெல்லர் தள்ளும் நேர்கோடு, எடைமையத்துக்கு மேலே இருந்தால், சக்தி ஓடும்வரை மூக்கைக் கீழே அமுக்கிக்கொண்டே இருக்கும். சக்தி போன கணம் மூக்கு தானாக எழும். பதறி ஸ்டிக்கை முன்னால் குத்தினால் ரோட்டார் தாங்கும் எடை இல்லாமல் போய் அதன் சுற்று குறையும், அது அதைவிட மோசம். மெதுவாகத் தாழ்த்த வேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு பிரிட்டனில் இந்த இரண்டுக்கும் இடையே 2 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று விதி போட்டார்கள். அந்த வண்டிக்கு அளந்த தாள் இருக்கிறதா, கேள்.

சரி, இன்ஜின் ஏன் நிற்கிறது? பிரிட்டன் விமான விபத்து விசாரணைப் பிரிவின் மாதாந்தரப் புல்லட்டின்களைப் புரட்டினால் இன்ஜின் உடைந்த கதையைவிட பெட்ரோல் வந்து சேராத கதைதான் கண்ணில் படும். டேங்க் வென்ட்டில் (காற்றுத் துளையில்) அடைப்பு, ஃபில்டரில் குப்பை, கெட்டுப்போன ரப்பர் ஹோஸ். ரோட்டாக்ஸ் 912 என்றால் ரப்பர் எல்லாம் ஐந்து ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் வயது ஏறும். அதில் வரும் பிங் கார்புரேட்டரின் மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். கனத்தால் மூழ்கும், பெட்ரோல் மட்டம் ஏறும், இன்ஜின் ஐடிலில் நடுங்கும், வென்ட் வழியே சொட்டும். ஒரு கார்புரேட்டர் கிண்ணத்தின் இரண்டு மிதவைகளையும் சேர்த்து நகைக்கடைத் தராசில் வை: 7 கிராமைத் தாண்டினால் குப்பைத்தொட்டி. இன்னொன்று, பலருக்குத் தெரியாது: 912இல் கார்புரேட்டர் இரண்டு, ஒன்றின் த்ராட்டில் கேபிள் அறுந்தால் இன்ஜின் நிற்காது, ஸ்பிரிங் அந்தக் கார்புரேட்டரை முழுக்கத் திறந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அறுந்து மறுபக்கம் ஐடிலில் இருந்தால் வண்டி உதறித் தள்ளிவிடும். லீவரையும் முழுக்கத் திறந்து இரண்டையும் சமமாக்கு, நல்ல வயலுக்கு மேலே உயரம் பிடி, பிறகு இக்னிஷனை அணைத்து இறங்கு.

குளிர்ந்த ஈரமான நாளில் கார்புரேட்டரில் பனி பிடிக்கும். இறங்கும்போது, த்ராட்டில் பாதி மூடியிருக்கையில். வண்டி தரைக்கு வந்து பத்து நிமிடத்தில் உருகிவிடும், விசாரிக்க வருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. சுடுதண்ணீர் ஓடும் சூடேற்றி இருக்கிறதா பார்.

அந்த வண்டியில் இருப்பது ரோட்டாக்ஸ் 582, இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் என்றாயே, அதைத்தான் நான் விரும்பவில்லை. 300 மணி நேரத்துக்கு ஓவர்ஹால். ஆயில் கலவை 50க்கு 1. தண்ணீர் 60 டிகிரி தொடுவதற்கு முன் முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் சீக்கிரம் விரியும், சிலிண்டர் விரியாது, பிடித்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு திடீரென்று முழுக்கத் திறந்தாலும் அதே கதி.

பின்னால் புரொப்பெல்லர் என்பதையும் மறக்காதே. உன் பையிலிருந்து பறக்கும் சாவி, கழுத்துத் துண்டு, எக்ஸாஸ்டிலிருந்து கழன்ற ஸ்பிரிங், எல்லாம் அதற்குள்தான் போகும். ஸ்பிரிங்குகளைக் கம்பியால் கட்டியிருக்கிறார்களா, குனிந்து பார்.

விற்கிறவரிடம் நான்கு விஷயம் கேட்டு எழுது: ஹோஸ் மாற்றிய தேதி, கடைசி ஓவர்ஹாலிலிருந்து எத்தனை மணி நேரம், எடைமைய அளவுத்தாள், எக்ஸாஸ்ட் வெப்பமானி வேலை செய்கிறதா. பதில் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதே. லதாவிடம் நான் சொன்னதாகச் சொல், அவள் சொன்னால் கேட்பாய்.

பாஸ்கர்