உறைவிந்துப் பட்டியலில் இரண்டாவது எண் எதற்கு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் எங்கள் உறைவிந்துப் பட்டியலில் ஒவ்வொரு காளைக்கும் எதிரே சினை பற்றி இரண்டு எண்கள் இருக்கும். இதுவரை ஒன்றுதான் இருந்தது. பட்டியல் கைக்கு வந்ததுமே "இதில் எதைப் பார்க்க வேண்டும்?" என்று பலர் கேட்டீர்கள். இரண்டையும் பார்க்க வேண்டும். ஏன் என்பதைத் தொலைபேசியில் அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் எண் உங்களுக்குப் பழக்கமானது. இந்தக் காளையின் குச்சியை (உறைவிந்து அடைத்த குழலை) ஊசியாகப் போட்டால் மாடு எந்த அளவுக்குச் சினை பிடிக்கிறது என்று சொல்வது. இரண்டாவது எண் அந்தக் காளையைப் பற்றியதே அல்ல, அதன் மகள்களைப் பற்றியது. இந்தக் காளைக்குப் பிறந்த கிடேரிகள் வளர்ந்து பருவத்துக்கு வந்த பிறகு எவ்வளவு எளிதாகச் சினை நிற்கின்றன என்பதை அது காட்டுகிறது. முதல் எண் இன்றைய ஊசிக்கு. இரண்டாவது, இரண்டு மூன்று வருடம் கழித்து உங்கள் தொழுவத்தில் நிற்கப்போகும் மாட்டுக்கு. ஒரு காளை ஒன்றில் உயர்ந்தும் மற்றதில் தாழ்ந்தும் இருக்கலாம். காளைக்குக் கருப்பை கிடையாது. ஆனால் மகளின் கருப்பை எப்படி அமைய வேண்டும் என்பதற்கான மரபணுக்களில் பாதியைக் கொடுப்பது அதுதான்.

"நன்றாகச் சினை பிடிக்கிற குச்சியாகக் கொடுங்கள்" என்று கேட்கும்போது நாம் எல்லோரும் முதல் எண்ணை மட்டுமே மனதில் வைத்திருக்கிறோம். நாங்களும் பல வருடம் அப்படித்தான் இருந்தோம். ஒரு மாடு மூன்று முறை திரும்பினால், அதாவது சினை நிற்காமல் மறுபடி பருவத்துக்கு வந்தால், காளையை மாற்றிப் போடுவோம், நான்காவது முறையும் திரும்பினால் மறுபடி மாற்றுவோம். அந்த மாடு எந்தத் தாய் தகப்பன் வழியில் வந்தது, அதன் கருப்பை எப்படிப்பட்டது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

மாடு திரும்பினால் "ஊசி பிடிக்கவில்லை" என்கிறோம். பெரும்பாலும் அது சரியல்ல. சரியான நேரத்தில் நல்ல விந்தைப் போட்டால், நல்ல உடல்நிலையில் இருக்கும் கிடேரிகளில் 10 கருமுட்டைகளில் 9 வரை கருவாகிவிடுகின்றன. கன்றாகப் பிறந்து தரையில் விழுவது ஏறக்குறைய பாதிதான், அதிகம் கறக்கும் மாடுகளில் அதற்கும் குறைவு. நடுவில் தொலைந்துபோன கருக்களில் பெரும்பாலானவை முதல் 16 நாட்களுக்குள்ளேயே போய்விடுகின்றன. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மாடு 21-ஆம் நாள் வழக்கம்போலப் பருவத்துக்கு வரும். நாமும் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

அந்த 16 நாட்களில் உள்ளே நடப்பது என்ன தெரியுமா? கரு முதலில் கருக்குழாயில் இருக்கிறது. நான்கைந்து நாளில் கருப்பைக்குள் இறங்குகிறது. ஏழாம் நாளில் அது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆட்டுக் குட்டியோ மாட்டுக் கன்றோ, அதன் கரு மனிதக் கருவைப்போல உடனே கருப்பைச் சுவரில் புதைந்துகொள்வதில்லை. மிதந்தபடியே வளர்கிறது. சுமார் 13-ஆம் நாளுக்கு மேல் திடீரென்று நீளத் தொடங்கி, 16, 17 நாளில் 10 சென்டிமீட்டரையும் தாண்டிய நூலாகிவிடுகிறது. சுவரோடு ஒட்டத் தொடங்குவது அதற்கும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அதுவரை அதற்கு உணவு முழுக்கவும் கருப்பைச் சுரப்பிகள் சுரக்கும் பால் போன்ற நீர்தான். ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் கருவை ஏழெட்டு நாள் வரை நன்றாக வளர்த்துவிடலாம். அது நூலாக நீள்வதற்குக் கருப்பை வேண்டும். கருப்பைச் சுரப்பிகள் உருவாகாதபடி வளர்த்த செம்மறி ஆடுகளில் கரு நீளவே இல்லை என்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

நீளம் இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நீண்ட கருதான் போதுமான அளவு இன்டர்ஃபெரான் டௌ என்ற பொருளைச் சுரக்கும். "நான் இருக்கிறேன்" என்று கரு தாய்க்குச் சொல்லும் செய்தி அது. அந்தச் செய்தி 16, 17-ஆம் நாள் வாக்கில் கிடைக்காவிட்டால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை விடும், சூலகத்தில் இருக்கும் மஞ்சள் திட்டு கரையும், அது சுரந்துவந்த, சினையைத் தாங்கும் புரோஜெஸ்டரான் இறங்கும், மாடு மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். உயிரோடு இருக்கும் கருவாக இருந்தாலும் குட்டையாக இருந்தால் அதன் குரல் எட்டாது. எங்களை மிகவும் யோசிக்க வைத்தது இந்த இடம்தான். ஒரு நல்ல கரு, அதற்கு ஊட்டம் போதாத ஒரு கருப்பையில் விழுந்த ஒரே காரணத்தால் போய்விடுகிறது.

அது கருவின் குறையா, கருப்பையின் குறையா என்று எப்படிப் பிரித்துச் சொல்ல முடியும்? சாதாரண ஊசியில் முடியாது. விந்து, கருமுட்டை, ஊசி போட்ட நேரம் எல்லாம் கலந்துவிடும். அதனால் நியூசிலாந்திலும் பிறகு அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் கருமாற்று முறையைக் கையில் எடுத்தார்கள். ஒரே கிடேரிக்கு, ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுத்த நல்ல தரமான ஏழு நாள் கருவை வைப்பது, சினை பார்ப்பது, பிறகு அதைக் கலைத்துவிட்டு மறுபடி வைப்பது. இப்படிப் பல சுற்று. சில கிடேரிகள் ஒவ்வொரு முறையும் சினை நின்றன. சில மூன்று நான்கில் ஒரு முறைதான் நின்றன. சில ஒரு முறைகூட நிற்கவில்லை. வைத்தது எல்லாமே நல்ல கரு, ஆகவே வித்தியாசம் கருப்பையில்தான். அமெரிக்க ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: எப்போதும் சினை நிற்கும் கிடேரிகளில் 17-ஆம் நாள் கரு, சுமாராக நிற்பவற்றில் இருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம் இருந்தது.

சரி, இது பரம்பரையா? ஓரளவுக்கு. இங்கே உங்களிடம் நேராகப் பேச வேண்டும். மாடுகளுக்கிடையே சினை பிடிப்பதில் தெரியும் வித்தியாசத்தை 100 பங்காக வைத்தால், தாய் தகப்பன் வழியாக வருவது சுமார் 4 பங்குதான். பால் அளவில் அது 20 முதல் 30 பங்கு. மீதி எல்லாம் தீவனம், வெயில், ஈன்றபின் நஞ்சுக்கொடி விழுந்த விதம், கருப்பை அழற்சி, பருவம் பார்த்த நேரம். எனவே இரண்டாவது எண் உயர்ந்த குச்சியைப் போட்டுவிட்டு, மெலிந்த மாட்டிடம் அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

4 பங்குதானே என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு மாட்டின் ஒரு வருடக் கணக்கில் அந்த 4 பங்கு தெரியாது, மற்ற 96-ல் மறைந்துவிடும். ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கில் மகள்கள் வெவ்வேறு பண்ணைகளில் இருந்தால் தீவனமும் வெயிலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், அப்போது பரம்பரை வெளியே தெரியும். அதனால்தான் இந்த எண்ணைக் காளையின் பக்கத்தில் போடுகிறோம். இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்கிறோம்: ஒரு மாடு ஒரு வருடம் தொல்லை கொடுத்தது என்பதற்காக அதன் கிடேரிக் கன்றைத் தள்ளிவிடாதீர்கள். அந்த ஒரு வருடம் கன்றைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம்.

தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் இந்தச் சிறு பங்கே பெரிதாகும், இரண்டு திசையிலும். நார்வேயில் செம்மாடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது 1970-களிலிருந்தே மகள்களின் சினைத்திறனையும் கணக்கில் எடுத்தார்கள். அந்த இனம் இன்றும் அதற்குப் பெயர் பெற்றது. அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் மாடுகளைப் பல பத்தாண்டுகள் பாலுக்காகவே தேர்ந்தெடுத்ததில் சினைத்திறன் இறங்கிக்கொண்டே போனது. 2003-இல் மகள்களின் சினை விகிதத்தை மதிப்பீட்டில் சேர்த்த பிறகுதான் சரிவு நின்று திரும்பியது.

இதற்கெல்லாம் காரணமான ஒரே ஒரு "கருப்பை மரபணு" இல்லை. புரோஜெஸ்டரானுக்குக் கருப்பை எப்படி இணங்குகிறது, சுரப்பிகள் எதை எவ்வளவு சுரக்கின்றன, பாதி அந்நியமான கருவை உடலின் எதிர்ப்பு சக்தி எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்று பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன. முடிவேர் மாதிரியை வைத்துக் கன்றிலேயே மதிப்பிடும் மரபணுச் சோதனை இவற்றைக் கூட்டிச் சொல்வதுதான். ஹோல்ஸ்டீன், ஜெர்சியில் அது நன்றாக வேலை செய்கிறது. ஓர் இனத்தில் போட்ட கணக்கு இன்னோர் இனத்துக்கு அப்படியே பொருந்தாது. கலப்பின மாடுகளுக்கு அதை விற்க எங்களுக்கு விருப்பமில்லை. கேட்டாலும் இதையே சொல்வோம்.

காளையை மாற்றுவது உண்மையிலேயே உதவும் சந்தர்ப்பமும் உண்டு. 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற புகழ்பெற்ற ஹோல்ஸ்டீன் காளை வழியாக ஒரு குறைபாட்டு மரபணு உலகம் முழுக்கப் பரவியது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற கரு பிழைக்காது. இங்கே குறை கருவில், கருப்பையில் அல்ல. எங்கள் பட்டியலில் இருக்கும் ஹோல்ஸ்டீன் காளைகள் அதற்குச் சோதிக்கப்பட்டவை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாடு திரும்பினால் "திரும்பிவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனையாவது நாளில் என்று சொல்லுங்கள். 18 முதல் 24 நாளுக்குள் என்றால், கருவே உருவாகவில்லை அல்லது தாய்க்குச் செய்தி போவதற்கு முன்பே போய்விட்டது. 25 நாளுக்கு மேல் தள்ளித் திரும்பினால், கரு இருந்து, செய்தி சொல்லி, அதன்பின் போயிருக்க வாய்ப்பு அதிகம். முதல் முறை வந்த பருவத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால் 40-ஐ ஒட்டிய நாள் வரும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று முறை திரும்பிய மாட்டுக்குக் கருப்பையைப் பரிசோதிக்காமல் நான்காவது குச்சி போடுவதை நிறுத்திவிட்டோம். குச்சி விற்பதைவிட அது எங்களுக்கு முக்கியம்.

ஊசி போட வரும் எங்கள் ஆளிடம் இப்போது ஒரு சிவப்பு அட்டை நோட்டு இருக்கும். அதில் மாட்டின் தாய், தகப்பன் காளையின் எண், திரும்பிய நாள் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தாய் வழி தெரியாவிட்டால் பரவாயில்லை, தெரிந்த அளவு போதும்.

அன்புடன்,
உங்கள் கருவூட்டல் நிலையத்தார்